பழையனூர் நீலியும் ஆலங்காட்டு அம்மையும்

தொண்டைநாட்டுத் தலங்களுள் அழகாற் பெயர்பெற்றன பல. அருளிப்பாட்டாற் பெயர்பெற்றன பல. அச்சத்தாலும் பெயர்பெற்ற தலம் பழையனூரைச் சார்ந்த திருவாலங்காடு. பொய்யழுகையைக் காணுந்தோறும் நம் நாட்டார் 'நீலிக் கண்ணீர்' என்பர். அங்ஙனங் கூறுவோருட் பலர் அந்நீலி எவ்வூரினள் என அறியார். அறிந்தோரும் அவளைப் பேயென்ற அளவில் அறிந்து அமைவர். அம்மண்ணிலேயே தம்மைப் பேயென்று தாமே பெயர் சொல்லிக்கொண்ட பெருமாட்டியார் ஒருவரும் விளங்கினார். இவ்விருவர் செய்தியும் ஓரூரின் இரு பக்கத்தே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அவற்றை நம் ஆசிரியன்மார் எவ்வாறு எடுத்தாண்டனர் என்பதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

கூதிர்ப்பருவம் தொடங்கிய ஐப்பசித் திங்களில் ஒருநாள், அம்பத்தூரில் வாழும் நண்பரொருவரும் யானும் ஆலங்காட்டிற்குச் சென்று வர ஒருப்பட்டோம். நண்பர் சாத்திரப் பயிற்சி மிக்கவரல்லர். பாழடைந்த கோட்டைகள், பேய் உலவுவனவாகச் சொல்லப்படும் பழைய ஊர்கள் ஆகியவற்றைத் தேடிச் சென்று காண்பதில் பெருவேட்கை உடையவர். அம்பத்தூரில் மின்தொடர் வண்டி ஏறினோம். சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா வரைக்கும் 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் முதன்முதல் திறக்கப்பெற்ற தென்னாட்டு இருப்புப்பாதை இதுவேயாகும். வண்டி புறப்பட்ட சிறிது பொழுதில் திருமுல்லைவாயில் வந்தது. அங்கே மாசிலாமணியீசர் திருமுன்னர் நந்தியெம்பெருமான் இறைவனை நோக்காது புறநோக்கி அமர்ந்திருப்பதையும், குறும்பரொடு பொரச் சென்ற தொண்டைமானுக்குத் துணையாய்ப் புறப்பட்ட நிலை அது என்பர் என்பதையும் நண்பருக்குச் சொன்னேன். அவர் அதனைச் செவிமடுத்தாராயினும், அவர் உள்ளம் ஆலங்காட்டுப் பேயிடத்தே நின்றது.

ஆவடியைக் கடந்தபின் அவர் அமெரிக்க நாட்டுச் சேலம் என்னும் நகரின் செய்தியை எடுத்தார். (நம் சேலமன்று; மசாசூசெட்சு மாகாணத்துக் கடற்கரையூர்.) ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில், இலையுதிரும் காலத்தே, மேனாட்டார் நண்பரொடு நண்பராய்ப் பேயூர் காண அங்குத் திரள்வராம். அவ்வூருக்கு அப்பெயர் வந்தது 1692-இல். சூனியக்காரர் எனப் பழிசுமத்தப்பெற்ற பத்தொன்பதின்மர் ஆண்டு முறைமன்றத்தாரால் தூக்கிலிடப்பட்டனர். கண்ணீரும் கதறலும் பேயுருக் கண்டோம் என்னும் சொல்லுமே சான்றாக ஏற்கப்பட்டன. 'அஃதொத்த ஊர் நமக்கும் உண்டோ, ஐயா?' என்றார். 'உண்டு, ஆயின் ஆண்டு நிகழ்ந்ததற்கும் ஈண்டு நிகழ்ந்ததற்கும் ஒரு வேற்றுமையும் உண்டு, அதனை இடத்திற்சென்று காண்போம்' என்றேன்.

திருவாலங்காட்டு நிலையத்தில் இறங்கித் தூறலினூடே பழையனூரையே முதலிற் சென்றடைந்தோம். கோயிலுக்கு வருவோர் பெரும்பாலார் இவ்வூரைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர், அது இரங்கத்தக்கது. இங்குச் சாட்சி பூதேசுவரர் கோயிலும், அதனருகே வேளாளர் தீப்பாய்ந்த நினைவாக எழுந்த மண்டபமும் உள்ளன. அம்மண்டபத்திலே தீப்புகுந்தாருடைய உருவங்கள் கல்லிற் புடைப்பாகச் செதுக்கப்பட்டு நிற்கின்றன. நண்பர் எதிர்பார்த்து வந்த அச்சம் அங்கு இல்லை. மழைநீர் வழியும் கல்லும், வரிசையாய் நிற்கும் மாந்தருமே இருந்தனர். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாது அவற்றையே நோக்கினார்.

நீலியின் கதை பலவாறாக வழங்குகின்றது. யாவற்றிற்கும் பொதுவாகிய பகுதியை மட்டும் ஈண்டுக் கூறுவல். முற்பிறப்பில் கணவனாற் கொலையுண்டாள் ஒருத்தி பேயாகி, மறுபிறப்பில் வணிகனாய்த் தோன்றிய அவனைப் பழிவாங்கக் காத்திருந்தாள். அவனோ மந்திரவாள் ஒன்றைக் கையினின்றும் நீக்காது திரிந்தமையால் அணுகவொண்ணாதவளாய், கள்ளிக்கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பிலேந்தி, அவன் மனைவிபோற் கோலங்கொண்டு, பழையனூர் அவையத்தார் முன்னர் அழுது நின்றாள். தன்னைக் கைவிட்டுச் செல்லும் கணவனைத் தன்னொடு கூட்டுவிக்க வேண்டினாள். வணிகன் இவள் பெண்ணல்லள், பேய் என முறையிட்டான். அவையத்தார் குழந்தையை இறக்கிவிட, அது அவனை அப்பாவென்று அணைந்தது. அதுகண்ட அவையத்தார் ஐயம் நீங்கி, இருவரையும் ஓரில்லில் இரவு தங்கப் பணித்தனர். வாளைக் கண்டு அவள் அஞ்சுகின்றாளென்று அதனை அவனிடமிருந்து வாங்கியும் வைத்தனர். அவன் உயிர்க்கு அஞ்சிய பொழுது, 'நினக்கு ஊறு நேரின் எங்கள் எழுபதின்மர் உயிரையும் ஈடு தருவோம்' என்று சொல் கொடுத்தனர். விடியலில் வணிகன் மாண்டு கிடந்தான், அவளைக் காணவில்லை. எழுபதின்மரும் தாங் கொடுத்த சொற்படி தீப்பாய்ந்தனர்.

இக்கதையைக் கேட்போர் உள்ளம் இயல்பாகப் பேயின்பாற் செல்லும். நாட்டுப்புறத்தார் பாட்டும் கூத்தும் அவ்வழியே சென்றன. முறைமன்றத்தின்பால் உள்ளத்தைச் செலுத்திப் பார்ப்பின் வேறொன்று புலனாம். அவையத்தார் கொடியவரல்லர், ஆயினும் அவர் ஆய்வு குறையுடையது. கண்ணீரைச் சான்றாகக் கொண்டனர். மழலையின் ஒரு சொல்லைச் சான்றாகக் கொண்டனர். எதிர்வழக்காடியவன் கூற்றை நெஞ்சிற் கொள்ளாது அவனுக்கிருந்த ஒரே காப்பினையும் நீக்கினர். சேலத்து மன்றத்தார் செய்தது இதற்குத் தலைகீழ்; அவர் பேயல்லாதாரைப் பேயின் கூட்டென்றனர், இவர் பேயைப் பெண்ணென்றனர். ஏமாற்றிய சான்றோ இரண்டிடத்தும் ஒன்றே. தீர்ப்பு பிழைத்த பின்னர் நிகழ்ந்ததிலேதான் வேற்றுமை. சேலத்து நடுவருள் சாமுவேல் சூவல் என்பவர் 1697-இல் பாஸ்டன் நகரத் தொழுகைக்கூடத்திலே அனைவர் முன்னும் எழுந்து நிற்க, அவர் குற்றத்தை ஏற்றுக்கொண்ட ஓலையைப் போதகர் படித்தார். அது போற்றத்தக்கதே. ஆயின் அம்மன்றத்தின் தலைமை நடுவர் ஸ்டௌட்டன் என்பார் இறுதிகாறும் அங்ஙனம் செய்தாரல்லர். பழையனூரிலோ, 'தீர்ப்பிற் பங்குகொண்டேன். ஈட்டிற் பங்குகொள்ளேன்' என்று ஒருவரும் விலகி நின்றதாகக் கதை கூறவில்லை.

இனி, இக்கதையின் பழமையைப் பார்ப்போம். இது பிற்காலத்தார் புனைந்ததென ஒதுக்குவாரும் உளர். அங்ஙனம் ஒதுக்கல் ஆகாது. ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தப் பிள்ளையார் ஆலங்காட்டுத் திருப்பதிகத்தின் முதற்பாட்டிலேயே, ஒருத்தி உறவுபோற் காட்டி வஞ்சித்து உயிர்கொண்ட வகையைக் கேட்டு அஞ்சுகின்ற ஊர் என்றே பழையனூரை அடையாளங் காட்டுகின்றார். விளக்கம் ஒன்றும் வேண்டாது குறிப்பளவில் அவர் சொல்லிச் செல்வதால், அக்காலத்துக் கேட்போர் யாவர்க்கும் கதை முன்னமே தெரிந்திருந்தது என்பது தெளிவு. ஆகவே நிகழ்ச்சியாயினும் கதையாயினும் அது பிள்ளையார் காலத்திற்கு முற்பட்டது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. பிள்ளையார் திருவாக்கில் வஞ்சமும் அச்சமுமே சொல்லப்பட்டன. எழுபதின்மர் தீப்புகுந்த செய்தி வெளிப்பட இல்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இப்பாட்டினை உரைகண்டு காட்டியவர் சேக்கிழார் பெருமான். அவர் பிறந்த குன்றத்தூர் பூவிருந்தவல்லிக்குத் தெற்கே சின்னாட் பயணமும் வேண்டாத அணிமையில் உள்ளது. தொண்டைநாட்டு வழக்குகள் அவருக்குப் பிறந்தகத்துச் செய்திகள். பிள்ளையார் புராணத்தில் இப்பதிகத்தைக் குறிக்குமிடத்து, பழையனூரார் தாம் சொன்ன மொழியைக் காத்த கதையைச் சிறப்பித்தருளியதாகவே அவர் கூறுகின்றார். பேயின் வஞ்சகம் என்று கூறினாரல்லர். ஊர் அஞ்சியது என்றும் கூறினாரல்லர். திருக்குறிப்புத்தொண்டர் புராணத்திலே தொண்டைநாட்டின் பெருமையை விரிக்கும்போதும், ஆற்றுவளம் வயல்வளம் முதலியவற்றிடையே, வணிகனுக்குச் சொன்ன சொல்லையும் தம் உயிரையும் நிறுத்துப் பார்த்துச் சொல்லையே காத்த பழையனூராரை வைத்துப் போற்றுகின்றார். நாட்டுவளம் பாடுமிடத்தே நடுவர் சிலர் இறந்த செய்தியை வைப்பது காப்பியப் புலவர்க்கு வழக்கமன்று. அவர் தாமும் சோழர் அமைச்சியலில் இருந்து முறைசெய்தவராதலின், தீர்ப்புக் கூறுவார் தலைமேல் நிற்கும் பொறை இன்னதென்பதை உணர்ந்தே அதனை ஆங்கு வைத்தார் என்பது என் துணிவு.

உமாபதி சிவாசாரியர் அருளியதாகப் போற்றப்படும் சேக்கிழார் புராணத்திலே நீலியின் பெயரும், தீக்குழியில் மூழ்கினார் எழுபதின்மர் என்னும் தொகையும் வெளிப்படையாக வருகின்றன. சமண நூலாகிய நீலகேசியும் பழையனூர் நீலியை விட்டுவைக்கவில்லை. பலாலயம் என்னும் சுடலையில் தவஞ்செய்யும் முனிவரை வெருட்ட அவள் அழைக்கப்பட்டு வந்து, வெருட்ட மாட்டாது, அவரிடமே அறங்கேட்டு மாறினாள் என்பது அந்நூலின் தொடக்கம். 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினாரால் அச்சேறிய அந்நூலிற் பின்னர் வரும் சமயவாதங்கள் ஈண்டு வேண்டா. பகைச்சமயத்தாரும் தம் வாதத்திற்குத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கும் அளவிற்கு அவள் பெயர் நாடறிந்து நின்றது என்பதே நமக்கு வேண்டுவது.

மண்டபத்தினின்றும் புறப்படுங்கால் நண்பர் இரண்டு வினாக்கள் எழுப்பினார். 'இறைவன் திருநடம் புரியும் தலத்தின் எல்லையிலேயே வணிகன் இறந்துபட அவன் வாளா இருந்தது ஏன்?' என்பது ஒன்று. அதற்குச் சித்தாந்தம் கூறும் விடை நம்மவர் அறிந்ததே. வணிகன் நுகர்ந்தது தான் முன்னர் ஈட்டிய வினை. பேயும் ஓர் உயிரே. ஆணவம் கன்மம் மாயை என்னும் மும்மலத்தாற் கட்டுண்ட பசுவே. வினைக்கேற்ற உடலை அவ்வுயிரும் எடுத்தது. வினையை ஊட்டிக் கழிப்பித்தலும் அருளின் செயலே. நண்பர் இதனை ஒருவாறு ஏற்றார். மற்றது அத்துணை எளிதன்று. 'எழுபது மனைகளிலும் பெண்டிரும் மக்களும் இருந்திருப்பர் அன்றோ? ஒருவன் இறந்ததற்கு ஈடாக அவர்களை ஏதிலிகளாக்கியது முறையாகுமோ?' என்றார். அம்மனையோர் துயரைப் பெரியபுராணமும் பாடவில்லை, ஊர்க்கதையும் உரைக்கவில்லை. சொல் காத்தலைப் புகழும் புகழினூடே அவ்வினா அடங்காது நிற்கின்றது என்பதை யானும் ஒப்புகின்றேன். எழுபதின்மரும் வாழ்ந்திருந்தே அவ்வணிகன் குடியைப் புரந்திருக்கலாம் என்பாரை மறுக்க யான் எழுகின்றிலேன்.

பழையனூரிலிருந்து ஆலங்காடு சிறு தொலைவே. வடாரணியம் என்னும் வடமொழிப் பெயரும் ஆலங்காடு என்றே பொருள்படும். வடம் ஆல், ஆரணியம் காடு. ஊர்வழக்கப்படி முதலிற் காளியை வணங்கிப் பின்னர் வடாரணியேசுவரரையும் வண்டார்குழலி அம்மையையும் வணங்கினோம். மன்றங்கள் ஐந்தனுள் இரத்தினமன்றம் இதுவே. காளியொடு ஆடிய ஊர்த்துவ தாண்டவத் திருக்கோலமும், அத்திருவடிக்கீழ்க் காரைக்காலம்மையார் திருவுருவும் காணக் கிடைத்தன.

புனிதவதியார் என்னும் பெயரோடு வணிகர் குலத்திலே தோன்றி, மாங்கனியால் நிகழ்ந்த அற்புதத்தின்பின் கணவன் பரமதத்தனால் தெய்வமென்று வணங்கப்பெற்று, அவன் பொருட்டுத் தாங்கிய தசையழகை உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெற்ற வரலாற்றை அன்பர்கட்கு விரித்தல் வேண்டா. நீலி எதிரிலே வைத்து நோக்குவார்க்கு மட்டும் சில தோன்றும். இருவரும் வணிகனொருவனைச் சார்ந்தவர், இருவரும் பேயுருவினர். ஒருத்தி பேயாயிருந்து பெண்ணுருவைப் பூண்டாள், பழிவாங்குதற்கு. மற்றவர் பெண்ணாயிருந்து பேயுருவைப் பூண்டார், ஆடல் காண்டற்கு. ஒருத்தியின் கண்ணீர் பழமொழியாயிற்று. மற்றவர் பாட்டுத் திருமுறையாயிற்று.

அம்மையாரது மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் இவ்வூரையே பொருளாகக் கொண்டன. முன்னது நட்டபாடைப் பண்ணிலும் பின்னது இந்தளத்திலும் அமைந்தன. திருப்பதிகம் என்னும் யாப்பிற்கு இவையே முன்னோடிகளாதலின் மூத்த என்னும் அடை பெற்றன. அவற்றிலே சுடலையை அழகுபடுத்த அம்மையார் முயன்றாரல்லர். வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறும் நீண்ட கோரைப்பல்லும் உடைய பேய்களையும், எரிந்த பிணத்தையும், சுடலையைச் சூழ்ந்த கள்ளியையும் கண்டது கண்டவாறே சொல்கின்றார். அச்சுடலையிலேயே துத்தம் முதலிய ஏழிசையும் தக்கை, வீணை, மத்தளம், குடமுழா முதலிய கருவிகளும் ஒலிப்பதாகவும் வரிசைப்படுத்துகின்றார். தமிழிசை வரலாறு எழுதுவார்க்குச் சுடுகாட்டிலே கிடைத்த சான்று இது! பேயை ஓட்டிவிட்டு இறைவன் ஆடவில்லை. பேய்கள் சூழவே ஆடுகின்றான். அவனைக் காண வந்தார்க்குப் பேயினிடத்து அச்சம் எங்ஙனம் எழும்?

ஆயினும் ஆலங்காட்டில் ஓரச்சம் உண்டு. அதனை உரைப்பவரும் சேக்கிழாரே. பிள்ளையார் இத்தலத்தை நோக்கி வந்தபொழுது, அம்மையார் தலையால் நடந்து போற்றிய மூதூராதலின் அம்மண்ணை மிதிப்பதற்கு அஞ்சி, ஊருட் புகாது அயலே ஒரு பதியில் அன்றிரவு துயின்றார். அப்பதியைச் செழும்பதியென்று புராணம் சிறப்பிக்கின்றது; அது பழையனூரென்றே வழிவழி கொள்ளப்படுகின்றது. நள்ளிரவில் ஆலங்காட்டப்பர் கனவிலே தோன்றி, நம்மைப் பாட மறந்தனையோ என்று வினவ, விழித்தெழுந்து பாடியதே முற்கூறிய பதிகம். வஞ்சத்திற்கு ஊரார் அஞ்சியதைப் பாடிய பிள்ளையார், அன்பிற்குத் தாம் அஞ்சி அவ்வூர்ப் புறத்தே படுத்திருந்தார். இரண்டிடத்தும் அஞ்சுதல் என்னும் ஒரு சொல்லே வருகின்றது. இதனைக் கேட்ட நண்பர் தம் காலடியை நோக்கினார். பின்னர்க் கோயிலுள் நடந்தபோது அவர் நடை சிறிது மெலிந்திருக்கக் கண்டேன்.

இவ்வூரைப் பற்றிய எழுத்துச் சான்றுகளுள் தலையாயது 1905-இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடு. முப்பத்தோரேடுகள் கொண்டது, புலியும் இணைக்கயலும் வில்லும் பொறித்த முத்திரையுடையது. முதலாம் இராசேந்திர சோழனது ஆறாம் ஆட்சியாண்டில், அஃதாவது 1018-ஐ ஒட்டி, பழையனூர் ஆலங்காட்டு மகாதேவர்க்குத் தேவதானமாக அளிக்கப்பட்டது. அதுகாறும் சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்தைச் சார்ந்த பிரமதேயமாயிருந்த ஊர், அந்நிலை மாற்றப்பெற்று வெள்ளான்வகை ஊராக்கப்பட்டு, அவ்வகை ஊர்கள் இறுக்கும் இறையைக் கோயிலுக்கு இறுக்குமாறு ஆணை பிறந்தது. வடமொழிப் பகுதி சோழர் மரபினைப் பாடுகின்றது. கங்கைப் படையெடுப்பையும் கூறுதலின் அப்பகுதி சில ஆண்டு பிற்பட்டதென்பர். தமிழ்ப் பகுதியோ ஊரின் எல்லையை ஏரி, வாய்க்கால், மரம் ஒன்றும் விடாது சொல்லிக்கொண்டே செல்கின்றது. எல்லை நெடுகப் பிடியானையை நடத்திச் சூழ்வித்துக் கல்லும் கள்ளியும் நாட்டினர். அம்மையார் சுடலையிற் கண்ட கள்ளி. நீலி குழந்தையாக்கிய கள்ளி. அரசன் ஆணையால் எல்லைக்கு நாட்டிய கள்ளி! இந்நிலத்தில் இயல்பாய் மண்டி வளர்ந்த செடி அதுவாதலின், பாட்டும் கதையும் ஆவணமும் அதனையே எடுத்தன போலும்.

அச்செப்பேடுகள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. திருவாலங்காட்டுக் கூத்தப்பெருமான் செப்புத் திருமேனி ஒன்றும் அங்கேயே உள்ளது. அதன் ஒளிப்படங்களைக் கண்டே பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோதென் 1913-இல் சிவநடனத்தைப் பற்றிய கட்டுரை வரைந்தார். அது 1921-இல் அச்சாயிற்று. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்து அன்பர்கள் மார்கழித் திருவாதிரைக்கோ பங்குனிச் சுவாதியில் அம்மையார் குருபூசைக்கோ ஆலங்காடு செல்லுங்கால், பழையனூர் மண்டபத்திற்கும் ஒரு நாழிகை ஒதுக்குவாராக. கூதிரிற் செல்வோர் குடை கொள்க. அவ்வழியில் நிழல் தரும் ஆல் இப்போது மிகுதியில்லை.